உறிஞ்சு கருவியும் உயிர்மூச்சும்

ஆற்றிலோ கிணற்றிலோ விழாமலே, கட்டிலில் படுத்த நிலையிலேயே ஒரு மனிதன் நீரில் மூழ்கி இறக்கக்கூடும். தன் வாயில் ஊறிய எச்சிலும், நெஞ்சில் கட்டிய கோழையும், வயிற்றிலிருந்து எழுந்த வாந்தியும் அதற்குப் போதும். நினைவோடு இருப்பவனுக்கு இந்த அபாயம் பெரும்பாலும் இல்லை. ஒரு துளி நீர் வழி தவறினாலும் புரையேறி, இருமல் எழுந்து, அதனை வெளியே தள்ளிவிடுகிறது. நினைவு இழந்தவனிடம் இந்தக் காவல் உறங்கிவிடுகிறது. காற்று போகவேண்டிய வழியில் நீர் இறங்குகிறது. நுரையீரலுக்குப் பிராணவாயு எட்டுவதில்லை. பிராணவாயு அற்ற மூளை சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது என்பதை நாம் அறிவோம்.

அவ்வாறு தேங்கியதை வெளியே எடுக்க உதவுவதே உறிஞ்சு கருவி. மருத்துவமனைத் தாதியர் வழக்கில் அதற்குச் ‘சக்‌ஷன்’ என்று பெயர். நூல் விலையும் விதைக் கொள்முதலும் பேசும் இவ்விதழில் அதற்கு என்ன இடம் என உறுப்பினர்கள் கேட்கலாம். விவசாயக் குடும்பங்களுக்கு இக்கருவியோடு உள்ள உறவு, அவர்கள் நினைப்பதைவிட நெருக்கமானது. நம் வயல்களுக்கு அடிக்கும் பூச்சி மருந்துகளே அந்த உறவை உண்டாக்கி வைத்திருக்கின்றன.

குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ், டைமெத்தோயேட் முதலியன ஆர்கனோபாஸ்பேட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. நரம்பிலிருந்து சுரப்பிகளுக்கும் தசைகளுக்கும் செல்லும் கட்டளையை, வேலை முடிந்தவுடன் அழிப்பதற்கென்று நம் உடலில் ஒரு நொதி உண்டு. இம்மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடுகின்றன. அழிக்கப்படாத கட்டளை மேலும் மேலும் சேர, சுரப்பிகள் ஓய்வின்றிச் சுரக்கின்றன. கண்ணீர் வழிகிறது, வியர்வை கொட்டுகிறது, கண்ணின் கருமணி ஊசிமுனை போலச் சுருங்குகிறது, வாயில் நுரை தள்ளுகிறது. இவையனைத்தினும் கொடியது, நெஞ்சுக்குள்ளும் அதே நீர் ஊறுவதாகும். இருமித் துப்பவேண்டிய தசைகளும் அதே வேளையில் தளர்ந்துவிடுகின்றன. நீர் பெருகும்போது அதை வெளியேற்றும் வலிமை குன்றுகிறது. தவறுதலாகவோ, மனமுடைந்தோ, காற்றுக்கு எதிரே நின்று மருந்து தெளித்தோ இந்நிலைக்கு வந்தவர்களைக் கண்டறியாத கிராமம் நம்மிடையே அரிது. நம் கூட்டுறவுச் சங்கக் கிடங்குகளிலும் இம்மருந்துகள் விற்பனையாகின்றன. விற்கும் இடத்திலேயே இதைப் பற்றிய அறிவும் கிடைக்கவேண்டும் என்பது நம் கருத்து.

உறிஞ்சு கருவியைப் பற்றி முதலில் மனத்திற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. அது நீரை மட்டும் தேர்ந்து இழுப்பதில்லை. காற்றையும் சேர்த்தே இழுக்கிறது. ஆம்புலன்ஸில் வைக்கப்படும் கருவி நிமிடத்துக்கு 30 லிட்டர் காற்றையேனும் இழுக்கவேண்டும் என்பது நியமம். அக்கணக்கில் 15 விநாடியில் அது ஏழரை லிட்டரை இழுத்துவிடும். அமைதியாக இருக்கும் மனிதன் ஒரு மூச்சில் உள்ளே கொள்வதோ சுமார் அரை லிட்டர்தான். குழாய் வாய்க்குள் மட்டும் இருக்குமாயின் இழுபடுவதில் பெரும்பகுதி வெளிக்காற்றாக இருக்கும். குழாய் ஆழ இறங்கி மூச்சுக்குழலுக்குள் புகுந்துவிட்டாலோ, இழுபடுவது நோயாளியின் நுரையீரலில் எஞ்சியிருக்கும் காற்று. அதனோடு, குழாய் அங்கே இருக்கும் நேரமெல்லாம் அவருக்குப் புதுக்காற்று ஊட்டப்படுவதும் நின்றிருக்கிறது. ஆகவே உயிர்காக்க வந்த கருவியே மிகையாகப் பயன்பட்டால் மூச்சைப் பறிக்கும். பாதுகாப்பான முறை என்று மருத்துவ நூல்கள் வகுத்துள்ள விதிகள் யாவும் இந்த ஓர் உண்மையிலிருந்து கிளைத்தவையே.

இதன் வலிமையைக் கிணற்று மோட்டார் வைத்திருப்போர் எளிதில் உணர்வர். வாயைத் துப்புரவு செய்யும் கருவி, குழாயின் முனையை அடைத்த நிலையில், 4 விநாடிக்குள் 300 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு வெறுமையை உண்டாக்கவேண்டும். நீர்க்கணக்கில் சொன்னால் அது ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்துக்கு நீரை இழுத்து நிறுத்தும் ஆற்றலாகும். அத்தகைய ஆற்றலைத் தொண்டையின் மெல்லிய சவ்வின்மீது ஓர் இடத்திலேயே நிறுத்திப் பிடித்தால் சவ்வு கிழிந்து குருதி கசியும். மூச்சுக்குழலுக்குள் செலுத்தும் மென்குழாய்க்கு இவ்வளவு வலிமை கூடாது. பெரியவர்களுக்கு 80 முதல் 120 மில்லிமீட்டர் வரை என நெடுநாளாகக் கற்பித்து வருகின்றனர். பச்சிளங்குழந்தைக்கு 100-க்கு மேற்படாமல் வைத்துக்கொள்வது வழக்கம். மோட்டாரின் உறிஞ்சு குழாயில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் அது காற்று வாங்கி நீரைக் கைவிடும் அல்லவா? இக்கருவியும் அப்படியே. மூடி சரியாகப் பொருந்தாத பாட்டில், வெடித்த ரப்பர், மடிந்த குழாய் இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் எந்திரம் இரைந்துகொண்டேயிருக்கும், நோயாளியின் வாயிலுள்ளது அசையாது. ஆகையால் ஒவ்வொரு முறையும் குழாயின் முனையைக் கட்டைவிரலால் அடைத்து, முள் ஏறுகிறதா என்று பார்த்த பிறகே நோயாளியிடம் செல்லவேண்டும்.

வேலை தொடங்குவது செவியில். மூச்சு விடும்போது களகளவென்று குமிழியிடும் ஓசை கேட்டால் வழியில் நீர் நிற்கிறது என்று பொருள். குறட்டை போன்ற ஓசையாயின் நாக்கு பின்னே சரிந்து அடைத்திருக்கிறது; தாடையை உயர்த்தித் தலையைச் சரிசெய்தாலே அது தீரும், அதற்குக் குழாய் வேண்டுவதில்லை. ஓசையே இல்லாமற் போவது நலம் என்று எண்ணிவிடலாகாது. மூச்சே ஓடாவிட்டாலும் ஓசை இராது.

களகளப்பு கேட்டவுடன் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்கவேண்டும். கழுத்தெலும்பு முறிந்திருக்குமோ என்ற ஐயம் உள்ள விபத்து நோயாளியாயின், தலையும் முதுகும் இடுப்பும் ஒரே கட்டையாகப் புரளும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து திருப்புவர். வாய் நிறைய வாந்தி இருக்கும்போது கருவியைத் தேடி ஓடுவதைவிட, திருப்பிவிட்டு நீரைத் தானே வழியவிடுவது விரைந்த உதவியாகும். இது பல இடங்களில் மறக்கப்படுகிறது என்பது நம் எண்ணம். பளபளக்கும் எந்திரம் அருகில் இருந்தால், எந்திரம் செய்யவேண்டியதை எல்லாம் எந்திரமே செய்யட்டும் என்று மனம் சோம்பிவிடுகிறது. பெரிய துணுக்குகள் கண்ணுக்குத் தெரிந்தால் கையுறை அணிந்த விரலால் வழித்தெடுக்கலாம். தெரியாததைத் துழாவக்கூடாது, துழாவினால் துணுக்கு இன்னும் ஆழ்ந்துவிடும். பல்லைக் கடித்திருப்பவர் வாயில் விரல் வைக்கவே கூடாது.

வாய்க்குப் பயன்படும் கடினக்குழாய்க்கு யாங்கவர் என்பது பெயர். நியூயார்க்கு நகரத்துத் தொண்டை மருத்துவரான சிட்னி யாங்கவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த வடிவம் அது. முனை சற்றே வளைந்து, நுனி குமிழாகி, பக்கங்களிலும் சிறு துளைகள் இருக்கும். அதை உள்ளே விடுமுன், வாயின் ஓரத்திலிருந்து காதுமடல் வரை வைத்து அளக்கிறார்கள். அந்த அளவுக்கு மேல் குழாய் உள்ளே போகலாகாது. கண்ணுக்குப் புலப்படாத ஆழத்துக்கும் போகலாகாது. அளவு மீறினால் தொண்டையின் பின்சுவர் சீண்டப்பட்டு, அரை நினைவில் உள்ளவர் புதிதாக வாந்தி எடுப்பார். முன்பு இல்லாத ஓர் ஆபத்தை அவ்வாறு நாமே அழைத்து வந்தவர்கள் ஆவோம்.

உள்ளே செல்லும்போது உறிஞ்சக்கூடாது. குழாயின் பக்கத்துளையை விரலால் மூடாமல் விட்டால் கருவி வெளிக்காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். குழாய் உரிய இடத்தை அடைந்தபின் துளையை மூடி, ஒரே இடத்தில் நிறுத்தாமல் பக்கத்துக்குப் பக்கம் அசைத்தபடி வெளியே கொண்டுவரவேண்டும். பெரியவர்க்கு 15 விநாடி, சிறுவர்க்கு 10 விநாடி, கைக்குழந்தைக்கு 5 விநாடி என்பது உச்ச வரம்பு. சில பயிற்சியாளர்கள் ஒரு நல்ல உபாயம் சொல்லித்தருகின்றனர். உறிஞ்சத் தொடங்கும்போது உறிஞ்சுபவரும் தம் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். தமக்கு மூச்சு முட்டும்போது நோயாளிக்கும் முட்டும் என்று உணர்ந்து குழாயை எடுத்துவிட வேண்டும். கடிகாரம் பார்க்கக் கை ஒழியாத வேளையில் இதனினும் எளிய அளவுகோல் இல்லை. வெளியே எடுத்ததும் பிராணவாயு கொடுத்து, குழாயைச் சிறிது தூய நீரை இழுத்துக் கழுவி, மீண்டும் செவி கொடுத்துக் கேட்டபின்பே அடுத்த முறை. நிலைமை இடம் தந்தால் தொடங்குமுன்னும் பிராணவாயு கொடுப்பர்.

நாடியையும் கவனிக்க வேண்டும். தொண்டையிலும் மூச்சுக்குழலிலும் வேகஸ் என்னும் நரம்பின் கிளைகள் பரந்துள்ளன. குழாய் அவற்றைத் தூண்டும்போது இதயத்துடிப்பு திடீரெனக் குறையலாம். குழந்தைகளிடம் இது எளிதில் நிகழும். துடிப்பு குறைந்தால், எவ்வளவு கோழை எஞ்சியிருந்தாலும், அக்கணமே நிறுத்திக் காற்றூட்டுவது முறை.

மூச்சு நின்றவருக்கு நுரை ஓயாமல் பொங்கினால் என்ன செய்வது? உறிஞ்சிக்கொண்டே இருந்தால் காற்று கிடையாது. காற்றை மட்டும் அழுத்தினால் நுரை ஆழத்துக்குத் தள்ளப்படும். 15 விநாடி உறிஞ்சுதல், பின் 2 நிமிடம் பையாலும் முகமூடியாலும் காற்றூட்டல், மீண்டும் உறிஞ்சுதல் என மாறி மாறிச் செய்யும்படி அவசர மருத்துவ நுட்புநர்களுக்குப் பயிற்சி தருகின்றனர். கெட்டியான வாந்தி வேறொரு தொல்லை. சோற்றுப் பருக்கையும் கீரையும் யாங்கவரின் சிறு துளைகளில் சிக்கிக்கொள்ளும். அப்போது முனையைக் கழற்றி அகன்ற குழாயையே கண்பார்வையில் வைத்து உறிஞ்சுவதுண்டு. அமெரிக்க மயக்கவியல் மருத்துவரான ஜேம்ஸ் டுகாண்டோ இத்தொல்லைக்கென்றே அகன்ற வாயுள்ள குழாய் ஒன்றை வடிவமைத்திருக்கிறார். முகமும் மண்டையின் அடிப்பகுதியும் அடிபட்டவர்க்கு மூக்கு வழியே மென்குழாய் விடுவது விலக்கு; உடைந்த எலும்பினூடே அது போகக்கூடாத இடத்துக்குப் போய்விடும்.

கோபன்ஹேகன், 1952

உறிஞ்சுதலும் காற்றூட்டலும் சேர்ந்து நடந்தால் எவ்வளவு உயிர்கள் மீளும் என்பதை உலகம் தெளிவாகக் கண்டது டென்மார்க் நாட்டில். 1952-ஆம் ஆண்டு அந்நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவிற்று. பிளெக்டாம் மருத்துவமனைக்கு வந்தவர்களுள் பலருக்கு விழுங்கும் தசைகளும் மூச்சுத் தசைகளும் ஒருங்கே செயலிழந்திருந்தன. எச்சிலை விழுங்கவும் முடியாது, இருமவும் முடியாது. அக்காலத்து மூச்சுப்பெட்டிகள், உடலுக்கு வெளியிலிருந்து நெஞ்சை விரியச்செய்வன. அவை தொண்டையிலிருந்த நீரையும் காற்றோடு உள்ளே இழுத்தன. முதல் வாரங்களில் அப்பெட்டிகளால் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் மாண்டனர்.

தலைமை மருத்துவர் லாசென், மயக்க மருந்து நிபுணரான பியோர்ன் இப்சனை அழைத்து ஆலோசித்தார். ஆகஸ்டுத் திங்களின் இறுதியில், இறக்கும் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கழுத்தில் துளையிட்டு, மூச்சுக்குழலில் ரப்பர்க் குழாய் ஒன்று பொருத்தப்பட்டது. குழாயைச் சுற்றியிருந்த காற்றுப்பட்டை, மேலிருந்து எச்சில் இறங்காதபடி வழியை அடைத்தது. உள்ளே இருந்த சுரப்பு உறிஞ்சி எடுக்கப்பட்டது. கையால் பையை அழுத்திக் காற்றூட்டினர். தொடக்கத்தில் நிலைமை மோசமாகி, பார்க்க வந்த மருத்துவர் சிலர் நம்பிக்கை இழந்தனர். ஆயினும் சிறுமி பிழைத்தாள். அதன்பின் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகக் கையாற் பை அழுத்தினர். அருகே தாதியர் உறிஞ்சு குழாயுடன் நின்றனர். பத்தில் ஒன்பது பேர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அந்த அறைகளிலிருந்து பிறந்தவையே. பெரிய எந்திரம் எதுவும் அங்கே புதிதாக வரவில்லை என்பதை நம் அன்பர்கள் கவனிக்க வேண்டும். ரப்பர்க் குழாயும், பையும், உறங்காத கைகளுமே இருந்தன.

பிறந்த குழந்தை

இங்கே கருத்து முற்றிலும் மாறியிருக்கிறது. ஆதலால் வீட்டுப் பெரியவர்கள் இதனைத் தனியே அறிந்துகொள்வது நல்லது. குழந்தை பிறந்தவுடன் வாயிலும் மூக்கிலும் குழாய் விட்டு உறிஞ்சுவது நெடுங்காலம் எங்கும் நடைபெற்ற வழக்கம். உறிஞ்சாமல் விட்டால் மருத்துவர் அசட்டை செய்தார் என்று உறவினர் குறைகூறுவதும் உண்டு. தெளிந்த பனிக்குட நீரில் பிறந்து, தானே மூச்சுவிடத் தொடங்கிய குழந்தைக்கு உறிஞ்சுதல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2012-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. அழுகின்ற குழந்தைக்கு அதனால் பயனில்லை. துடிப்பு குறையும் தீங்கு மட்டுமே உண்டு. வயிற்றிலேயே மலங்கழித்த குழந்தைகளைப் பற்றியும் கருத்து மாறிற்று. தலை வெளிப்பட்டவுடன் வாயை உறிஞ்சும் வழக்கத்தை 2005-ஆம் ஆண்டு நெறிமுறைகள் கைவிட்டன; துவண்டு பிறந்த குழந்தைக்கும் மூச்சுக்குழலில் குழாய் விட்டு உறிஞ்சுவதை வழக்கமாகச் செய்யவேண்டாம் என 2015-இல் முடிவாயிற்று. துடைத்து, உலர்த்தி, மூச்சு வராவிடில் தாமதமின்றிக் காற்றூட்டுவதே முதற்பணி. வழி அடைபட்டிருந்தால் உறிஞ்சுவர். அப்போது வாய் முதலில், மூக்கு பின்னர். மூக்கைச் சீண்டினால் குழந்தை வெடுக்கென்று மூச்சிழுக்கும். வாயிலுள்ளது உள்ளே போய்விடும்.

ஆம்புலன்ஸ் வரும் வரையில்

தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு தொடங்கிய 108 சேவையின் வண்டியில் ஓட்டுநருடன் அவசர மருத்துவ நுட்புநர் ஒருவரும் வருகிறார்; உறிஞ்சு கருவியும் பிராணவாயுவும் வருகின்றன. அழைத்தபின் வண்டி வந்து சேரும் வரை உள்ள நேரம் வீட்டாருடையது. பூச்சி மருந்து உட்கொண்டவருக்கு உப்புக்கரைசல், சோப்புத் தண்ணீர், சாணக்கரைசல் ஆகியவற்றைப் புகட்டி வாந்தி எடுக்கவைக்கும் பழக்கம் இன்னும் மறையவில்லை. நினைவு தளரும் ஒருவருக்கு இவற்றைப் புகட்டுவது, மேலே சொன்ன அத்தனை ஆபத்தையும் கையால் ஊற்றுவதாகும். எதையும் புகட்டாமல், இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் வழிவதைத் துணியால் துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். மருந்து பட்ட உடைகளைக் களைந்து, உடம்பை நீர்விட்டுக் கழுவவேண்டும். செய்பவர் கையில் உறையோ பாலித்தீன் பையோ இருக்கட்டும். அந்த வாந்தியிலும் விஷம் உண்டு. மருந்துப் புட்டியை வண்டியிலேயே அனுப்பிவிட வேண்டும். அதன்மீதுள்ள பெயர் மருத்துவருக்கு அரைமணி ஆராய்ச்சியை மிச்சப்படுத்தும்.

மருத்துவமனையில் அட்ரோபின் ஊசி போடுவர். உறிஞ்சு கருவி வாயில் நிறைந்ததை இறைக்கும். ஊற்றை அடைப்பது அட்ரோபினே. நெஞ்சில் களகளப்பு அடங்கும் வரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவை இரட்டித்துக்கொண்டே போவது முறை. இத்தனை ஊசியா என்று அருகிருப்போர் அஞ்சித் தடுக்கவேண்டியதில்லை.

இனிக் கருவியின் பராமரிப்பு. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு உபகரணம் வாங்கித்தர முன்வரும் சங்கங்களும் கொடையாளர்களும் பெரிய மின்கருவியையே விரும்புகின்றனர். அதற்கு மின்னேற்றம் செய்பவர் யார், குழாய் தீர்ந்தால் வாங்குபவர் யார் என்று கேட்போர் சிலரே. மின்சாரம் நின்றுபோகும் இரவுக்கென்று காலால் மிதிக்கும் உறிஞ்சு கருவி ஒன்று உண்டு. விலையும் குறைவு, பழுதும் குறைவு. குழித்தறியில் மிதித்துப் பழகிய நம் நெசவாளருக்கு அதன் இயக்கம் புதிதாகத் தோன்றாது. சீராக மிதித்தால் சீராக இழுக்கும். மின்கருவியும் மிதிகருவியும் அருகருகே இருப்பது நலம். எதுவாயினும், ஒவ்வொரு முறை பணி மாறும்போதும் பாட்டிலைக் காலி செய்து கழுவிக் கிருமிநாசினி விட்டு, குழாயை மாற்றி, யாங்கவர் ஒன்றும் வெவ்வேறு பருமனுள்ள மென்குழாய்களும் உறை பிரிக்காமல் பக்கத்தில் வைத்து, முனையைக் கட்டைவிரலால் அடைத்து முள் 300-ஐத் தொடுகிறதா என்று பார்த்து, பதிவேட்டில் நேரத்தோடு ஒப்பமிடவேண்டும். இந்த வேலைக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும்.